மியூட்ல ஓடுன கல்யாணம்

ஷிப்ட் டெலிட் அடிச்சேன். "நிரந்தரமா அழிக்கணுமா?"ன்னு கேட்டுச்சு. ஆமான்னு குடுத்தேன். ரெண்டே செகண்டு. நூத்தி அறுபது ஜிபி காலி!

"என்னா ஸ்பீடுடா!"ன்னு தனியா உக்காந்து கத்துனேன். சத்தியமா சந்தோஷம். அழிஞ்சது தேன்மொழி கல்யாணத்தோட மொத்த வீடியோவும். பதினாலு நிமிஷ ஹைலைட்ஸ் எடிட் பண்ணி அனுப்பியாச்சு, மீதி ஆறு மணி நேரம் குப்பைதானேன்னு நெனச்சேன். கேம் அப்டேட்டுக்கு எடம் பத்தல, சாயந்திரம் டீம் மேட்ச். அவ்ளோதான் காரணம்.

இப்ப வேற ஒரு கல்யாண வீடியோ ரெண்டர் ஆகிட்டிருக்கு. அது முடியறதுக்குள்ள மிச்சத்தையும் சொல்லிடறேன்.

நான் இளம்பரிதி, திருச்சில கல்யாண வீடியோ எடிட்டர். என் லேப்டாப் இருக்கே, முப்பத்திரண்டு ஜிபி ரேம், மிரட்டலான கிராபிக்ஸ் கார்டு! பேன் சுத்த ஆரம்பிச்சா கீழ் வீட்டுக்காரர் "பிளைட் கெளம்பிருச்சா தம்பி?"ம்பாரு. ஒரு பக்கம் எடிட்டிங், ஒரு பக்கம் கேம். ரெண்டும் ஒண்ணா ஓடும், திணறவே திணறாது. அதான் எனக்குப் பெருமையே.

மறுநாள் வெள்ளிக்கிழமை, மஸ்கட்லேந்து போன். தேன்மொழியோட அண்ணன் மகுடேஸ்வரன். அங்க ஏசி மெக்கானிக். லீவு கெடைக்காம ஒரே தங்கச்சி கல்யாணத்துக்கே வர முடியாமப் போனவர்.

"தம்பி, வீடியோ பாத்தேன். சினிமா தோத்துச்சு போ!"

"தேங்க்ஸ்ணே!"

"ஏழாவது நிமிஷத்துல, தாலி கட்டுனதும், எங்க தேனு நேரா கேமராவப் பாத்து என்னமோ சொல்லுதுப்பா. ஸ்லோமோஷன்ல ஒதடு மட்டும் அசையுது. மேல பாட்டு ஓடுது. என்ன சொல்லுது?"

"சும்மா ஏதாச்சும் இருக்கும்ணே."

"சும்மாவா? எனக்குத்தான் சொல்லுது. 'அண்ணே'ன்னு ஆரம்பிக்குது, அது ஒதட்டுலயே தெரியுது. முப்பது தடவ ஓட்டிப் பாத்துட்டேன். அதுக்கு மேல புடிபடல."

"அதுகிட்டயே கேட்டுருங்களேன்."

"அட போப்பா. எங்க வீட்டுல அதெல்லாம் மூஞ்சிக்கு நேரா பேசிப் பழக்கமே இல்ல. அதான் கேமராட்ட சொல்லிருக்கு. மைக் குத்தி விட்டிருந்தீங்களாமே, அப்ப பதிவாயிருக்கும்ல?"

பதிவாயிருக்கும். பொண்ணு பொடவைல நாங்கதான் மைக் குத்துனோம்.

"எனக்கு மொத்தமும் வேணும் தம்பி. பந்தி, செருப்பு கழட்டுற எடம், எல்லாம். நான்தான் அங்க இல்லையே. என் ரூம்மேட் ஒருத்தன் லீவுல ஊருக்கு வந்திருக்கான், ஞாயித்துக்கிழமை கெளம்புறான். ஹார்டு டிஸ்க்ல போட்டு அவன்கிட்ட குடுத்துரு, என்ன?"

"சரிண்ணே"ன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு இன்னிக்கும் தெரியல.

லேப்டாப்பத் தூக்கிக்கிட்டு ரெஹானா கடைக்கு ஓடுனேன். சிங்காரத்தோப்புல மாடி மேல சின்னக் கடை. அழிஞ்சு போன பைல்களை மீட்டுக் குடுக்கறதுதான் அவ தொழில். ஒரு மாசமா நான் அவகிட்ட அதைக் கத்துக்கிட்டிருக்கேன். என்னைவிட ரெண்டு வயசு சின்னவ. ஆனாலும் குருன்னுதான் கூப்பிடுவேன். நக்கலா ஆரம்பிச்சது, போகப் போக நெசமாயிருச்சு.

"வா சிஷ்யா. என்ன, மூஞ்சி ஹேங் ஆயிருக்கு?"

சொன்னேன். அவ சிரிப்பு நின்னுச்சு.

"கேமரா கார்டு?"

"அடுத்த நாளும் முகூர்த்தம். அன்னிக்கே பார்மேட் பண்ணிட்டோம்."

"வேற காப்பி?"

"லேப்டாப்லயே ரெண்டு டிபி எடம் இருக்கேன்னு, எடுக்கல..."

"அழிச்சப்புறம் என்ன பண்ண?"

"அப்டேட் போட்டேன்."

"அப்புறம்?"

"வெளையாண்டேன்."

"ஜெயிச்சியா?"

"ம்."

அவ லேப்டாப்ப வாங்கி ஸ்கேன் போட்டா. நான் வாய மூடாம பேசிக்கிட்டே இருந்தேன்.

"குரு, போன வாரம் ஒரு தாத்தாவோட ஓட்டைக் கம்ப்யூட்டர்லேந்து, எப்பவோ அழிச்ச போட்டோவையெல்லாம் எடுத்தியே! இது அதைவிட நூறு மடங்கு பவரு!"

"அது பழைய டிஸ்க். அழின்னா பேர மட்டும்தான் அழிக்கும், உள்ள இருக்கறது அப்படியே கெடக்கும். இது புதுசு. அழின்னு சொல்லிட்டா, சும்மா இருக்கற நேரத்துல தானா போய் சுத்தமா தொடச்சிட்டு வந்துரும். அதனாலதான் உனக்கு வேகம்."

ஸ்கிரீன என் பக்கம் திருப்புனா. வரிசை வரிசையா சைபர். சைபரத் தவிர வேற ஒண்ணுமே இல்ல.

"கீழ போ."

"எல்லாமே சைபர்தானே."

"போ. இதுல என்ன இருந்துச்சுன்னு சொல்லிக்கிட்டே போ."

போனேன். சைபர், சைபர், சைபர்.

"பந்தி. ஒருத்தர் ரசம் கேட்டு கையத் தூக்கிட்டே இருப்பாரு, யாரும் வர மாட்டாங்க. அப்புறம் ஒரு குட்டிப் பொண்ணு தவில்காரர் மடில தூங்கும். அப்புறம்... தாலி."

"தாலி கட்டுனதும்?"

"தேன்மொழி நிமிரும். கேமராவப் பாக்கும்."

"என்ன சொல்லும்?"

"தெரியாது."

"நீதானே எடிட் பண்ண? அந்த ஷாட்ட எத்தன தடவ பாத்த?"

"இருபது தடவ இருக்கும்."

"அப்புறம் எப்படித் தெரியாமப் போவும்?"

"மியூட்ல போட்டிருந்தேன்."

"ஏன்?"

"ஹெட்செட்ல டீம் பசங்க பேசிக்கிட்டிருந்தாங்க. அந்தப் பக்கம் கேம் ஓடிட்டிருந்துச்சு."

சொல்லி முடிச்சப்புறம்தான் எனக்கே காதுல விழுந்துச்சு, நான் என்ன சொன்னேன்னு.

மெதுவா கேட்டேன். "குரு, ஒரே ஒரு உதவி. டிஸ்க் போயிருச்சுன்னு உன் கடை பேர்ல ஒரு ரிப்போர்ட் குடுத்துரு. அதைக் காட்டிடறேன்."

உடனே டைப் பண்ணா. பிரிண்டர் ஒரு தாளைத் துப்புச்சு. சீல் குத்திக் குடுத்தா. வாங்கிப் படிச்சேன்.

"டிஸ்க் முழுசா டெஸ்ட் செய்யப்பட்டது. பழுது எதுவும் இல்லை."

"வெளையாடாத ரெஹானா. அவர்கிட்ட நான் என்னத்தச் சொல்றது?"

"அவரு உன்கிட்ட என்ன கேட்டாரு?"

"தேனு என்ன சொல்லுச்சுன்னு."

"அப்ப அதைக் கேட்டுட்டு வா."

சனிக்கிழமை காலைல சத்திரம் பஸ் ஸ்டாண்டுல துறையூர் பஸ் ஏறுனேன். போற வழியெல்லாம் ஒரே ஐடியா. போய் உண்மையச் சொல்லிடணும். அதே வார்த்தைய போன்ல ரெகார்டு பண்ணிட்டு வந்துடணும். முடிஞ்சுது வேலை!

துறையூர்ல மாப்ள வீட்டு வாசலுக்கு, கையில ஒட்டுன தோசை மாவோட தேன்மொழி ஓடி வந்துச்சு.

"வாங்கண்ணா! வீடியோ சூப்பரா இருந்துச்சு. எங்க அண்ணன் பாத்துட்டாரா?"

"பாத்துட்டாரும்மா."

அது கதவப் பாதி சாத்திட்டு, கொரலத் தாழ்த்திக்கிட்டு கேட்டுச்சு. "தாலி கட்டுனதும் நான் சொன்னதுக்கு என்ன சொன்னாரு? இங்க எல்லாரும் கேட்டுருவாங்கன்னு அந்த எடத்துல நான் சத்தத்தக் கொறச்சுட்டேன்."

நான் செருப்பக் கழட்டக் குனிஞ்சேன்.

"வீடியோ வந்து நாலு நாளாச்சுண்ணா. தெனம் போன்ல பேசுறாரு. சாப்டியா, மழையான்னுதான் கேக்குறாரு. அதைப் பத்தி மட்டும் ஒரு வார்த்த இல்ல. கோச்சுக்கிட்டாரோன்னு நானும் கேக்கல. உங்ககிட்டயாச்சும் ஏதாச்சும் சொன்னாரா?"

"தேன்மொழி, அவருக்கு அது கேக்கலம்மா."

எல்லாத்தையும் சொன்னேன். அழிச்சது, ஏன் அழிச்சேன், எல்லாம். அது திட்டும்னு நெனச்சேன். கையில இருந்த மாவையே பாத்துக்கிட்டு நின்னுச்சு.

நான் போனை எடுத்தேன். "ஒரே ஒரு தடவ திரும்பச் சொல்லிடும்மா. இப்பவே அனுப்பிடறேன்."

ரெகார்டிங் ஓடுது. அது வாயத் தெறந்துச்சு. "அண்ணே..."ன்னுச்சு. அப்புறம் நிறுத்திருச்சு. மறுபடி ஒரு தடவ "அண்ணே"ன்னுச்சு. தலைய ஆட்டிருச்சு.

"வரலண்ணா. அன்னிக்கு அவ்ளோ மேளச் சத்தம். பக்கத்துல யாருக்கும் கேக்காதுங்கற தைரியத்துல சொல்லிட்டேன். இப்ப வராது."

"எழுதியாச்சும்..."

"விடுங்கண்ணா. இருந்து தோசை சாப்ட்டுட்டுப் போங்க."

ரெண்டு தோசை போட்டுச்சு. சாப்ட்டேன். அதுக்குப் பதிலா நாலு அறை விட்டிருக்கலாம்.

திரும்பி வந்து, ரெஹானா கடையில உக்காந்துதான் மஸ்கட்டுக்குப் போன் பண்ணேன். ஸ்பீக்கர்ல போடுன்னு அவ சொன்னா, போட்டேன். மறைக்காம சொன்னேன்.

அந்தப் பக்கம் ஏதோ ஏசி மட்டும் ஓடிட்டிருந்துச்சு.

"எனக்குத்தான் சொல்லுச்சுன்னு சொல்லுச்சா?"

"ஆமாண்ணே. உங்களுக்குத்தான்."

"சரிப்பா."

கட் பண்ணிட்டாரு. ஒரு கெட்ட வார்த்தைகூட சொல்லல.

நான் லேப்டாப்ப மூடுனேன்.

"குரு, இதை நாளைக்கே வித்துடறேன். எனக்கு வேண்டாம் இந்தச் சனியன்."

ரெஹானா அதை என் பக்கமாத் தள்ளி வெச்சா.

"அதை ஏன் திட்டுற? அந்தப் பொண்ணு சொன்னதை ஒரு வார்த்த விடாம வாங்கி வெச்சிருந்தது அது ஒண்ணுதான்."

நான் அதை எடுத்துக்கிட்டுக் கெளம்புனேன். இப்ப ரெண்டர் ஓடுறதும் அதுலதான்.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா? யாரோ உங்களை நம்பிச் சொன்ன ஒண்ணு கையிலயே இருந்து, அதைக் கேக்காமயே அழிச்சிருக்கீங்களா?