வைரக்கண்ணு வயிற்றில் விழுந்த இழவு

ஊசிமேடு என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்களிடம் ஒன்றைச் சொன்னால் அப்படியே பிடித்துக்கொள்வார்கள், லேசில் விடமாட்டார்கள். வினையே அதில்தான்.

அந்த ஊர் வைரக்கண்ணுவுக்கு அடுத்த ஊர்ப் பூமயிலை நிச்சயம் செய்திருந்தார்கள். அவளை நினைத்தாலே இவனுக்கு வாயெல்லாம் பல். அப்படிப்பட்டவனுக்குப் பல்வலி வந்து கன்னம் வீங்கியது. மருந்துக்கடையில் தானாகவே ஏதோ மாத்திரை வாங்கி விழுங்கினான். வீக்கம் வற்றியது, ஆனால் சிரிப்பும் கூடவே வற்றிவிட்டது. எதையோ பறிகொடுத்தவன் மாதிரி மூலையில் உட்கார்ந்துவிட்டான். பூமயில் பேரைச் சொன்னாலும் "உம்" என்கிறான். கல்யாணத்துக்கு ஒரு வாரம்தான் பாக்கி. இந்த மூஞ்சியோடு மணவறையில் உட்கார்ந்தால், பிடிக்காத கல்யாணம் என்று நினைத்துப் பெண் எழுந்து போய்விடுவாளே என்று அவனுக்கே பயம்.

அவனுக்கு மூன்று கூட்டாளிகள்: மொக்கச்சாமி, ஒண்டிவீரன், குப்பாண்டி. புத்தியில் மூவரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. நால்வருமாகப் பஸ் ஏறி டவுன் டாக்டரிடம் போனார்கள்.

டாக்டர் நல்ல மனுஷன், பொறுமையாக எடுத்துச் சொன்னார். "தம்பி, நம்ம வயித்துக்குள்ள கோடிக்கணக்கில நல்ல கிருமிங்க குடியிருக்கு. அதுங்க மூளைக்குச் சேதி அனுப்பிக்கிட்டே இருக்கும். அதுங்க நல்லா இருந்தா நம்ம மனசும் நல்லா இருக்கும். நீ முழுங்கின மாத்திரையில அதுங்கள்ல பாதி செத்துப்போயிருக்கும். மனசு வாட அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். வீட்டுத் தயிர் சாப்பிடு, புதுசா வந்துரும்."

திரும்பும் வழியில் மொக்கச்சாமி துண்டால் மூக்கைச் சிந்தினான். அடப் பாவமே, கோடிக்கணக்கான உயிர் போயிருக்கிறது, அழ ஒரு நாதி இல்லையே என்றான். குப்பாண்டியும் அதே துண்டை வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்போதுதான் ஒண்டிவீரனுக்கு விபரீதம் உறைத்தது.

"சாவு விழுந்தா தீட்டு இருக்குல்ல? பதினாறு நாள் கழியாம எப்படித் தாலி கட்டுறது?"

"ஒரு சாவுக்குத்தான் பதினாறு," என்றான் குப்பாண்டி. "கோடிச் சாவுக்கு?"

மூவரும் விரல்விட்டு எண்ணினார்கள். விரல் போதாமல் பக்கத்து சீட்டுக்காரர் விரலையும் கேட்டு வாங்கினார்கள். எப்படிப் பார்த்தாலும் வைரக்கண்ணுவின் பேரன் காலத்தில்கூட முகூர்த்தம் வரவில்லை. மாப்பிள்ளைக்கு வயிற்றைக் கலக்கியது. மிச்சம் இருந்தவர்களும் கலங்கிவிட்டார்கள் போல.

கடைசியில் மொக்கச்சாமிதான் வழி சொன்னான். கண்ணுக்கே தெரியாத உயிருக்கு அவ்வளவு நீளத் தீட்டு எதற்கு? சின்ன உயிர், சின்னத் தீட்டு. ஒரு பகல் துக்கம் காத்தால் போதும். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

ஊருக்கு வந்ததும் வாசலில் பெஞ்சு போட்டுச் சங்கு ஊதினார்கள். வைரக்கண்ணு தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்தான். அவன் அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பத்து மாசம் சுமந்த வயித்துப் பிள்ளை, அவன் வயித்துல இருந்ததெல்லாம் எனக்குப் பேரப்பிள்ளைங்கதானே" என்று மாரில் அடித்துக்கொண்டாள். கூடச் சேர்ந்து அழுததில் வைரக்கண்ணுவுக்கும் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

சேதி பெண் வீட்டுக்கு எட்டியது. பூமயிலின் அப்பா கருத்தாண்டி மாலையும் கையுமாகப் பதறியடித்து ஓடிவந்தார். மாப்பிள்ளை உயிரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, போனது யார் என்று கேட்டார். சொன்னார்கள். அவரும் அந்தச் சுற்றுவட்டாரத்துக்காரர்தானே! துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மாலையை மாப்பிள்ளை வயிற்றின்மேல் சாத்தி, கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

இழவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, சம்பந்தி வீட்டிலிருந்துதான் சோறு வரவேண்டும். கருத்தாண்டி வீட்டிலிருந்து ஒரு பானை தயிர்ச்சோறு வந்தது. துக்கம் முடிந்த பிறகும் மனுஷன் விடவில்லை, நாள் தவறாமல் தயிர் அனுப்பிக்கொண்டே இருந்தார். கெட்டித் தயிர், ஆடையோடு. வைரக்கண்ணு வழித்து வழித்துச் சாப்பிட்டான். மெள்ளப் பசி எடுத்தது, தூக்கம் வந்தது. ஒருநாள் காலையில் கோழி தடுக்கி மொக்கச்சாமி விழுந்ததைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்துவிட்டான். அம்மாவுக்கு ஆனந்தக் கண்ணீர். ஒண்டிவீரன் மட்டும் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

"வைரம், இப்ப உன் வயித்துல இருக்கிறவங்க யாரு வீட்டுத் தயிர்ல வந்தவங்க?"

"பூமயில் வீட்டுத் தயிர்ல."

"உன் மூளைக்குச் சேதி சொல்றது?"

"அவங்கதான்."

"அந்த வீட்டு ஆளுங்க சொல்றபடி நடக்கிறவன் அந்த வீட்டுப் பையன். அப்ப பூமயில் உனக்கு என்ன முறை?"

வைரக்கண்ணுவின் சிரிப்பு பாதியில் நின்றது. "தங்கச்சி," என்றான்.

போச்சு! கல்யாணத்தை நிறுத்தச் சொல்லி ஆள் போனது. பதிலுக்குப் பூமயிலே நேரில் வந்து நின்றாள். அவளுக்கு இவன்மேல் கொள்ளை ஆசை. கேட்டதும் வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, இவர்களுக்கு இவர்கள் வழியில்தான் சொல்லவேண்டும் என்று தெரிந்துகொண்டாள். உள்ளே போய் இவன் வீட்டுத் தயிரை ஒரு செம்பு நிறைய எடுத்து மடமடவென்று குடித்தாள்.

"இப்ப நான் இந்த வீட்டு ஆளு. அவரு எங்க வீட்டு ஆளு. முறை சரியாப் போச்சா?"

மூவரும் யோசித்து யோசித்துப் பார்த்தார்கள். ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. இவ்வளவு அறிவான பெண் இந்தப் பக்கத்திலேயே கிடையாது என்று குப்பாண்டி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

முகூர்த்தம் பெண் வீட்டில் ஜோராக நடந்தது. மாப்பிள்ளை முகத்தில் அப்படி ஒரு களை. தாலி கட்டி, பந்தி முடிந்து, மாப்பிள்ளை வீட்டு வேன் வாசலில் வந்து நின்றது. பூமயிலை ஏற்றினார்கள். பின்னாலேயே வைரக்கண்ணு படியில் கால் வைத்தான். ஒண்டிவீரன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"நீ எங்கடா ஏறுற? நீ பொண்ணு வீட்டு ஆளு. அது எங்க வீட்டுப் பொண்ணு, நாங்க கூட்டிட்டுப் போறோம்."

பூமயில் ஜன்னலில் தலையை நீட்டி என்னவோ கத்தினாள். புகுந்த வீட்டுக்குப் போகிற பெண் அழத்தான் செய்யும் என்று மாமியார் அவளை அணைத்துக்கொண்டாள். வேன் கிளம்பிவிட்டது.

வைரக்கண்ணு தெருவில் தன்னந்தனியாக நின்றான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வயிற்றில் கை வைத்துப் பார்த்தான். உள்ளே ஒரே கும்மாளம். அவர்களுக்கு என்ன குறை, சொந்த வீட்டில் அல்லவா இருக்கிறார்கள்! சேதி மூளைக்கும் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளை வாயெல்லாம் பல்லாகச் சிரித்தபடி, மாமனார் வீட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனான்.