பூசணிக்காய்க்குச் சவரம்

குறும்பாறை ஆசிரமத்தில் நாவிதர் கிடையாது. பௌர்ணமிதோறும் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஒருவர் அடுத்தவருக்குச் சவரம் செய்துவிட வேண்டும். பிளேடு அவரவருக்குத் தனி. கிண்ணமும் பிரஷ்ஷும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

வரிசை, ஆசிரமத்தில் சேர்ந்த நாளின்படி. அம்பலவாணருக்கு ஒரு வாரம் முன்னால் சேர்ந்தவர் சடையன். முப்பது வருடம் நகராட்சியில் சாக்கடை அள்ளியவர். அம்பலவாணர் அதே முப்பது வருடம் கல்லூரியில் சமத்துவம் பற்றிப் பாடம் எடுத்தவர்.

சடையன் முகத்தில் நுரைத்த பிரஷ்தான் அடுத்து அம்பலவாணர் முகத்துக்கு வரும். அதற்கு முன் அம்பலவாணர், "கொஞ்சம் அலசிட்டு வந்துடறேன்" என்று அதை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போவார். கொதிக்கிற தண்ணீரை அதன் தலையில் ஊற்றுவார். இப்படி ஐந்து பௌர்ணமி.

ஆறாவது பௌர்ணமியன்று சடையன் அவர் கன்னத்தில் நுரை தேய்த்துக்கொண்டிருந்தபோது, பிரஷ்ஷின் மயிர்க்கற்றை முழுதும் கழன்று அவர் மடியில் விழுந்தது. சடையன் கையில் வெறும் பிடி.

"மம்பட்டி பிடிச்ச கை பாருங்க, அதான்" என்றார் அம்பலவாணர். வாய் முந்திக்கொண்டது. "இனிமே இவர்கிட்ட பிரஷ்ஷைக் குடுக்க வேண்டாம்."

வரிசை மொத்தமும் தலையாட்டியது. சடையன் மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். மூன்று முறையும் அம்பலவாணர், "பரவாயில்ல, விடுங்க" என்று பெரிய மனது பண்ணினார்.

அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஆசிரமத்தின் குரு நாச்சியாரம்மாவிடம் போனார். குருவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு.

"அம்மா, மனசு அழுக்கைக் கழுவ என்ன வழி?"

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அந்தப் பிரஷ் சும்மாதான கிடக்கு? அதைச் சரி பண்ணிட்டு வாங்க."

"புதுசே வாங்கிக் குடுத்துடறேனே."

"சரி பண்ணிட்டு வாங்கன்னேன்."

பிடியின் குழியில் பழைய பசை வெந்து வெளுத்திருந்தது. ஊசியால் சுரண்டி எடுத்தார். மயிர்களைப் பிரித்துப் பார்த்தார். ஒன்றுகூட முறிந்திருக்கவில்லை. முரட்டுக் கை அழுத்தியிருந்தால் முறிந்திருக்கும். இது பசை இளகி, அடியோடு கழன்றது. பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு ஒரு நொடி போதும். அவருக்குக் காது மடல் சுட்டது.

கற்றையை நூலால் இறுக்கிக் கட்டினார். இரண்டு குழாய்ப் பசையைக் கலந்து குழியில் விட்டு, கற்றையைப் பதித்து ஒரு நாள் காயவைத்தார். கொல்லைப்புறத்தில் நாள் முழுக்க சர்சர் என்று என்னவோ தேய்க்கும் சத்தம்.

மறுநாள் அம்மா பிரஷ்ஷை வாங்கி இழுத்துப் பார்த்தார். "நல்லாப் பிடிச்சிருக்கே."

"இது வேற பசைம்மா. இனிமே கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்தினாலும் ஒரு மயிர் கழலாது."

"அப்படியா? அப்ப இன்னும் ஊத்தத்தான் போறீங்களா?"

கையில் இருந்த துண்டைப் பிசைந்தார் அம்பலவாணர். கொல்லையில் மறுபடி அதே சர்சர்.

"அது என்ன சத்தம்மா?" என்று பேச்சை மாற்றினார்.

"சடையன்தான். குச்சியில தேங்கா நாரைக் கட்டி, பூசணிக்காய்க்கு நுரை போட்டுப் பழகறார். கை மெதுவாகணுமாம். 'இது எந்தக் கோயில் வேண்டுதல்?'னு கேட்டேன். சிரிக்க மாட்டேங்கறார்."

அம்பலவாணர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"நான்தாம்மா ஊத்தினேன். அஞ்சு மாசமா. அவர் தொட்டதுன்னு."

அம்மா பிரஷ்ஷின் மயிரை விரலால் நீவினார்.

"பரிகாரம் சொல்லுங்கம்மா. பட்டினி கிடக்கட்டுமா? மலையைச் சுத்தி வரட்டுமா?"

அம்மா பிரஷ்ஷை அவர் மடியில் வைத்தார்.

"மூணு மன்னிப்பு வாங்கி வச்சிருக்கீங்களே, முதல்ல அதைத் திருப்பிக் குடுங்க."

"இப்பவே கொல்லைக்குப் போய்..."

"கொல்லையில இல்ல. வரிசையில, எல்லாரும் உக்காந்திருக்கும்போது. அப்படித்தான வாங்கினீங்க?"