பம்பைத் துறந்தவர்

இளைப்புக்காரன் வீட்டுக்கு வெறுங்கையோடு வருகிறவன்கூட ஒரு வைத்தியத்தோடுதான் வருவான் என்று என் தாய்மாமா ஏதோ சொல்லுவார். அதன் கடைசி வார்த்தை வசவா வாழ்த்தா என்பது நினைவில்லை.

மலையடிவாரத்தில் ஒரு மடம். பூரணி அம்மா அங்கே மூச்சைக் கவனிக்கக் கற்றுக்கொடுத்தார். சேர வருகிறவர் தமக்கு மிகவும் வேண்டிய ஒரு பொருளைக் கூடத்து அலமாரியில் வைத்துவிட வேண்டும். திரும்ப எடுத்தவர் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஒருவர் கைக்கடிகாரம் வைத்திருந்தார். ஒருவர் மூக்குப்பொடி மட்டை. நில அளவைத் துறையிலிருந்து ஓய்வுபெற்று, அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவராக வந்து சேர்ந்த அறவாழி, சட்டைப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து வைத்தார். ஊரில் அதற்குப் பெயர் பம்பு. அவருக்கு இருபது வருட ஆஸ்துமா.

"இதையா?" என்றார் அம்மா.

"இதைவிட வேண்டியது எனக்கு எதுவும் இல்லைம்மா."

மருந்துக்கு இந்த விதி கிடையாது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று அம்மா சொல்லிப் பார்த்தார். விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார் அறவாழி. இப்படிச் சொல்லியே, பலர் எல்லை தாண்டிப் போட்ட வேலிகளைப் பிடுங்க வைத்தவர் அவர்.

செய்தி பரவியது. மடத்துக்கு வந்தவர்கள் முதலில் சன்னிதியைக் கும்பிட்டார்கள், அடுத்து அறவாழியை. பம்பைத் துறந்த ஐயா என்று பெயரே வந்துவிட்டது. கும்பிட்ட கையோடு ஆளுக்கொரு வைத்தியமும் சொன்னார்கள்.

அவர் எதையும் மறுக்கவில்லை. ஆடாதோடைக் கஷாயம் குடித்தார். திப்பிலியைத் தேனில் குழைத்து நக்கினார். காதில் ஏழு ஊசியோடு ஒரு வாரம் நடந்தார். ஒருவர் உயிருள்ள விரால் குஞ்சை விழுங்கச் சொன்னார். விழுங்கினார். அன்று அவருக்கும் மீனுக்கும் சேர்ந்தே மூச்சுத் திணறியது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தியம். கஷாயக்காரர் தயிரைத் தடுத்தார், திப்பிலிக்காரர் புளியை, ஊசிக்காரர் உப்பை. விரால்காரர் குளிர்ச்சியானது எதுவுமே கூடாது என்றார். எல்லாப் பத்தியத்தையும் ஒன்றாகக் காத்ததில் அறவாழிக்குக் கடைசியில் மிஞ்சியது சோறும் வெந்நீரும். வெந்நீரைப் பற்றி மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இளைப்பு அப்படியே இருந்தது. ஒருநாள் அம்மாவிடம் கேட்டார், மூச்சுப் பயிற்சியிலாவது இது போகுமா என்று.

"பயம் கொஞ்சம் குறையும்" என்றார் அம்மா. "இளைப்புக்கு மருந்து அலமாரியில இருக்கு."

அவர் காதில் விழாததுபோல் எழுந்து போனார்.

தை பிறக்குமுன் மடத்துக்கு வெள்ளையடித்தார்கள். பழைய சுண்ணாம்பைச் சுரண்டியதில் கூடமெல்லாம் தூசி. அறவாழி தூணைப் பிடித்து உட்கார்ந்தார். விசிலடிப்பதுபோல் மூச்சு வந்தது, பிறகு அதுவும் சரியாக வரவில்லை. உதடு கறுத்தது. சுற்றி நின்றவர்களில் ஒருவர் நெஞ்சில் கற்பூரத் தைலம் தடவச் சொன்னார், இன்னொருவர் கூடாது என்றார்.

அம்மா அலமாரியைத் திறந்து இன்ஹேலரை நீட்டினார்.

அறவாழி தலையை ஆட்டி மறுத்தார். கண்ணில் நீர்.

"ஒருத்தன் விரால் மீனைக் கொடுத்தான், வாங்குனீங்க. நான் கொடுக்கிறதை மட்டும் வாங்கமாட்டீங்களா?"

வாங்கினார். இழுத்தார். அதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு ஜீப் வந்தது. மத்தியானம் டாக்டர் நிறையத் திட்டித்தான் திருப்பி அனுப்பினார்.

சாயங்காலம் அறவாழி இன்ஹேலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நான் வெச்சது இல்லையே. புதுசா இருக்கு."

"உங்களுது போன மாசமே காலாவதி ஆயிடுச்சு. டாக்டர்கிட்ட சொல்லி மாத்தி வெச்சேன்."

அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, "இனி நான் மூட்டை கட்டணும் இல்லையாம்மா?" என்றார்.

"அலமாரியில ஒரு இடம் காலியாயிடுச்சு. அதை நிரப்புனா இருக்கலாம்."

"வைக்கிறதுக்கு என்கிட்ட என்ன இருக்கு?"

"ஊர் ஒரு பேர் கொடுத்திருக்கே ஐயா. உசிரைவிட அதுதானே பெருசா இருந்துச்சு இன்னிக்குக் காலையில."

மறுநாள் பந்தியில் வெளியூர்க்காரர்கள் முப்பது பேர். அறவாழி எல்லோர் முன்னாலும் இரண்டு முறை பம்பு அடித்துக்கொண்டார். பிறகு தயிர் கேட்டார்.