சேறு பட்ட பட்டு

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டைச் சமரகேசரி மகாராஜா ஆண்டுவந்தார். நாட்டின் பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சண்டைக்கு வரக்கூடும் என்பதால் விட்டுவிடுவோம். சமரம் என்றால் போர், கேசரி என்றால் சிங்கம். மகாராஜா இரண்டையும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் நல்ல மனிதர். ராஜாக்களின் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியில் அப்படி எழுதும் வழக்கம் இல்லாததால் அந்த விஷயம் வெளியே தெரியாமலே இருந்தது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். செல்லரித்த ஏடுகளைப் புது ஓலையில் படியெடுத்துவிட்டு, பழையதை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டுவிடுவார்கள். முதல் ஏட்டுக்கட்டை மகாராஜாவே விடவேண்டும். அந்த வருஷம் மகாராஜா புதுப் பட்டு உடுத்திக்கொண்டு பல்லக்கிலிருந்து இறங்கினார். படித்துறைக் களிமண்ணில் வலது காலை வைத்தார். இடது காலை வைப்பதற்குள் குப்புற விழுந்தார். மார்பு, மீசை, புதுப் பட்டு எல்லாம் சேறு. பல்லக்குத் தூக்கிகள் பதறி ஓடிவந்து தூக்கி நிறுத்தினார்கள்.

அரண்மனைக்காரர்கள் யாரும் பார்க்கவில்லை. முதலமைச்சர் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேனாதிபதி தன் வாளின் பிடியை ஆராய்ந்துகொண்டிருந்தார். பார்க்காமல் இருப்பதற்கு அங்கே தனியாகவே மானியம் உண்டு.

அன்றுமுதல் மகாராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. மடைப்பள்ளியில் யாராவது சிரித்தால் காது சூடானது. கண்ணாடியில் தன் மீசையைப் பார்க்கவே கூசியது. இந்தக் கூச்சத்துக்கு என்ன மருந்து என்று யோசித்து, கடைசியில் ராஜாக்கள் வழக்கமாகக் கண்டுபிடிக்கும் மருந்தையே அவரும் கண்டுபிடித்தார்.

"நம் வம்ச வரலாறு எழுதப்படவேண்டும். வருகிற தலைமுறைகள் நம்மை நினைத்து நெஞ்சு நிமிரவேண்டும்."

சபையில் முதலில் எழுந்தவர் அரண்மனை ஏட்டறையின் அதிபதி, சர்வசாத்திர சாகரம், சரித்திர திவாகரம், ஆளுடையநாயகப் புலவர். பட்டங்களோடு சேர்த்து அவரைக் கூப்பிடுபவர்களுக்குப் பாதியில் மூச்சு வாங்கும். அவர் ஒரு ஏட்டைப் பிரித்து, மகாராஜாவின் பாட்டனார் ரணமார்த்தாண்டரின் கெண்டையாற்றுப் போரை ராகம் போட்டுப் படித்தார்.

"வஞ்சக ஓடக்காரர் நட்டாற்றில் ஓடத்தைக் கவிழ்க்க, மன்னர் தனியே நீந்திக் கரையேறி, நிலமகளை மார்புறத் தழுவி, பகைவரை வென்று மீண்டார்!"

சபை "ஆகா" என்றது. அந்த ஆகாவுக்கு நடுவே வாசலில் ஒரு பெண் குரல் கேட்டது.

"சாமி, என் மகனை விட்டுருங்க சாமி!"

அவள் பெயர் காத்தாயி. கெண்டையாற்று ஓடத்துறையைச் சேர்ந்தவள். அவள் முன்னோர்தான் அந்த 'வஞ்சக ஓடக்காரர்'. ஏட்டில் அப்படி இருப்பதால், மூன்று தலைமுறையாக ஓடத்துறை ஆண்கள் தலையில் துண்டுகூடக் கட்டக்கூடாது என்று சட்டம். அவள் மகன் வீரணன், தன் கல்யாணத்தன்று மட்டும் ஆசைப்பட்டு ஒரு தலைப்பாகை கட்டிக்கொண்டான். தாலி கட்டிய கையோடு காவலர் பிடித்துப்போனார்கள். பௌர்ணமியன்று அவனை நாடு கடத்தப்போகிறார்கள்.

"ஏட்டில் இருக்கிறதே, அம்மா" என்றார் மகாராஜா. அவருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. "நான் என்ன செய்ய?"

தூண் ஓரமாக உட்கார்ந்திருந்த அரண்மனை விகடன் அம்மையப்பன் தொண்டையைச் செருமினான். "அடியேனுக்கு ஒரு சந்தேகம். பாட்டனார் தனியே நீந்திக் கரையேறினார். தனியே நிலமகளைத் தழுவினார். அதைப் பார்த்து எழுதியவர் எங்கே நின்றுகொண்டிருந்தார்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். புலவரின் முகம் சிவந்தது. அம்மையப்பனை ஒழிக்க அவர் பல நாளாக வழி தேடிக்கொண்டிருந்தவர்.

"மகாராஜா! விகடனுக்கு ஏட்டின் மேலேயே சந்தேகம் என்றால், அந்த வரலாற்றை அவனே எழுதட்டுமே! கண்கண்ட சாட்சியின்றி ஒரு வரி இருக்கக்கூடாது. வம்சத்துக்கு இழுக்கு தரும் வரியும் ஒன்றுகூட இருக்கக்கூடாது. இருந்தால், ஓடக்காரன் போகிற வழியிலேயே இவனும் நாட்டைவிட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும். பௌர்ணமிக்குள்" என்றார் மகாராஜா. புலவர் ஏட்டறைச் சாவியை ஏதோ லட்டு கொடுப்பதுபோலக் கொடுத்தார்.

ஏட்டறையில் கெண்டையாற்றுப் போருக்கு ஏழெட்டு ஏடுகள் இருந்தன. எல்லாம் ஒரே கதையை ஒரே வார்த்தையில் சொல்லின.

"பார்த்தாயா?" என்றார் பின்னாலேயே வந்த புலவர். "இத்தனை சாட்சிகள்!"

அம்மையப்பன் ஏடுகளை வரிசையாக வைத்துக் குனிந்து பார்த்தான். 'கரையேறி' என்ற சொல்லுக்கு முன்னால் ஒவ்வொரு ஏட்டிலும் நாலைந்து எழுத்து அளவுக்கு வெற்றிடம் இருந்தது.

"இது என்னங்க, புலவரே?"

"மூல ஏட்டில் பூச்சி அரித்த இடம். படியெடுப்பவர் இல்லாததைச் சேர்க்கமாட்டார். இடம் விட்டு எழுதுவார். அதுதான் எங்கள் நேர்மை!"

"எல்லா ஏட்டிலும் ஒரே பூச்சியா?"

"அது... எல்லாம் அதே மூலத்தைப் பார்த்து..." புலவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அப்படியானால் சாட்சி ஒருத்தர்தான். மற்றதெல்லாம் அவருடைய எதிரொலி. அந்த மூலம் எங்கே?"

"முந்தைய மகாராஜா காலத்திலேயே ஆடிப்பெருக்கில் விட்டாயிற்று" என்று புலவர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் அம்மையப்பன் ஓடத்துறைக்குப் போனான். காத்தாயி தண்ணீர் கசியாமலிருக்க ஓடத்துக்குக் கீல் பூசிக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, உங்க ஆளுங்க அந்தக் கதையை எப்படிச் சொல்வாங்க?"

"எப்படிச் சொல்லுவோம்! ராசா தோத்துப்போயி, நனைஞ்ச கோழி மாதிரி ஓடியாந்தாரு. எங்க முப்பாட்டன் ஓடத்துல ஏத்தி, மேல சாக்கைப் போட்டு மூடிக் கரை சேத்தாரு. 'உனக்குப் பாதி ராச்சியம் தாரேன்'னு ராசா கையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனாராம்!"

"பாதி ராச்சியத்துக்குச் சாட்சி உண்டா?"

"எங்க பாட்டி சொன்னா."

"ஏத்தி விட்டதுக்கு?"

"அதுக்கும் எங்க பாட்டிதான்."

"அப்போ இரண்டும் வேண்டாம், ஆத்தா."

கீல் சட்டியைப் பட்டென்று வைத்தாள் காத்தாயி. "ஏண்டாப்பா, நீ எங்களுக்காக வந்தியா, அந்தப் புலவனுக்காக வந்தியா? அவன் ஏடு பொய்யி, எங்க பேச்சும் பொய்யின்னா பின்னே யாரைத்தான்டா நம்புவே?"

"உங்களையும் பிடிக்காத, எங்களையும் பிடிக்காத ஆள் ஒருத்தன் வேணும்."

"அப்படின்னா அக்கரைக்குத்தான் போவணும். அவனுகளுக்கு நம்ம ரெண்டு பேரையும் ஆவாது."

சொல்லிவிட்டு அவளே துடுப்பை எடுத்தாள். அக்கரை எதிரி நாடு. கரையேறியதும் ஒரு கொற்றவை கோயில். அதன் சுவரில் எதிரி ராஜா வெட்டிவைத்த கல்வெட்டு. அம்மையப்பன் அதைத் தடவித் தடவிப் படித்தான். பாதிக்கு மேல் ஒரே பீற்றல். யானைகள் ஆயிரம், வெட்டிய தலைகள் பதினாயிரம். அதையெல்லாம் அவன் தள்ளிவிட்டான். ஜெயித்தவன் பீற்றாமல் என்ன செய்வான்? கடைசி வரியில் மட்டும் அவன் விரல் நின்றது. எதிரி ராஜா அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு சபித்திருந்தான்.

"என்ன எழுதியிருக்கு?" என்றாள் காத்தாயி.

அவன் படித்துச் சொன்னான். திரும்பிவரும் வழியெல்லாம் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடியே துடுப்பு வலித்தாள்.

பௌர்ணமியன்று காலையில் சபை கூடியது. வீரணனைக் கைகட்டிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். காத்தாயி ஒரு வெள்ளைத் துணியை மடித்துக் கையில் வைத்திருந்தாள். கல்யாணத்தன்று பிடுங்கி எறிந்த தலைப்பாகை.

அம்மையப்பன் ஒரு கட்டு வெற்று ஓலையோடு வந்தான்.

"எழுதவே இல்லையா?" புலவருக்கு வாயெல்லாம் பல்.

"கண்கண்ட சாட்சி வேண்டும் என்பது உத்தரவு. சாட்சிகளைச் சோதிக்காமல் எப்படி நம்புவது? மகாராஜா, சபையோருக்கு ஆளுக்கொரு ஓலை கொடுக்க அனுமதி வேண்டும். ஆடிப்பெருக்கன்று படித்துறையில் என்ன நடந்தது என்று, ஒருவர் ஓலையை மற்றவர் பார்க்காமல் எழுதட்டும். அடியேனும் எழுதுகிறேன்."

மகாராஜாவின் காது சிவந்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் திறந்தார். ஆனால் வேண்டாம் என்றால் காரணம் சொல்லவேண்டுமே. தலையசைத்தார்.

எழுத்தாணிகள் கீறும் சத்தம் மட்டும் கேட்டது. ஓலைகள் மகாராஜாவின் கைக்கு வந்தன. அவரே உரக்கப் படித்தார்.

முதலமைச்சர்: 'மகாராஜா நிலமகளை மார்புறத் தழுவினார்.' புலவர்: 'பாட்டனார் வழி நின்று நிலமகளை மார்புறத் தழுவினார்.' பொக்கிஷதார்: 'மகாராஜாவின் பாரம் தாங்கும் பேறு வேண்டி நிலமகளே மேலெழுந்தாள்.'

சேனாதிபதியின் ஓலைக்கு வந்ததும் மகாராஜாவின் குரல் தணிந்தது. 'பல்லக்குத் தூக்கிகளின் வஞ்சனையால் மகாராஜாவுக்கு நேரவிருந்த தீங்கு, அவர் நிலமகளைத் தழுவியதால் விலகியது. தூக்கிகள் தண்டனைக்குரியர்.'

பல்லக்குத் தூக்கிகள் வாசல் ஓரமாகத்தான் நின்றிருந்தார்கள். ஒருவன் மற்றவன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்குவது சிம்மாசனத்திலிருந்தே தெரிந்தது.

மகாராஜா ஓலையைக் கீழே வைத்தார்.

"நான் விழுந்தேன்" என்றார். "களிமண் வழுக்கியது. குப்புற விழுந்தேன். வாயில்கூடச் சேறு. தூக்கிவிட்டவர்கள் இவர்கள்தான்."

சபையில் ஒருவரும் நிமிரவில்லை. மேகம் பார்க்கலாம் என்றால் மேலே கூரை இருந்தது.

"இன்னும் ஒரு ஓலை இருக்கிறதே. இது யாருடையது? 'மகாராஜா பூமாதேவியைப் பணிந்தார்.'"

"அடியேனுடையது" என்றான் அம்மையப்பன். அவன் குரலில் அன்றைக்கு விகடம் இல்லை. "உண்மையைத்தான் எழுத உட்கார்ந்தேன். கை தானாக இப்படிப் போயிற்று. என் வயிறும் அரண்மனைச் சோற்றில்தானே வளர்கிறது? மற்றவர்களைப் பிடிக்கப் போட்ட வலையில் நானும் கிடக்கிறேன்."

மகாராஜா அந்த ஓலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியானால் என் பாட்டனார் தழுவியதும்..."

"அதைப் பார்த்தவர் யாரும் இல்லை. ஏட்டறையில் இருப்பது ஒரே ஏட்டின் பிரதிகள். ஆனால் அக்கரைக் கோயிலில் எதிரியின் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அவன் பீற்றலை நான் நம்பவில்லை. அவன் கடைசி வரியை மட்டும் நம்புகிறேன். 'கைக்கு எட்டிய பகைவனை ஓடமேற்றித் தப்புவித்த ஓடத்துறையார் வம்சம் அழிக' என்று சபித்திருக்கிறான். அகப்பட்டவன் தப்பிவிட்டான் என்று எழுதுவதில் எந்த ராஜாவுக்குப் பெருமை, மகாராஜா? அவனுக்கும் அது அவமானம். இருந்தும் எழுதியிருக்கிறான். கவிழ்த்தார்கள் என்று நாம் தண்டிக்கிறோம். காப்பாற்றினார்கள் என்று அவன் சபிக்கிறான். ஓடத்துறையார் பாட்டிமார் சொன்ன கதையும் அதனோடு ஒத்துப்போகிறது. கல்லை அவர்கள் படித்ததில்லை. படிக்க யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை."

"பிறகு ஏன் பாட்டனார் அவர்கள்மேல் பழி போட்டார்?"

"அது தெரியாது. அதற்குச் சாட்சி இல்லை, எழுதமாட்டேன்."

மகாராஜா பல்லக்குத் தூக்கிகள் பக்கம் பார்த்தார். "எனக்குத் தெரியும்" என்றார் மெதுவாக. "நாம் விழுந்ததைப் பார்த்தவர்களின் முகத்தைப் பிறகு பார்ப்பது கஷ்டம். அன்றிலிருந்து நான் இவர்கள் பல்லக்கில் ஏறவில்லை."

புலவர் துள்ளி எழுந்தார். "மகாராஜா! தோற்று ஓடினார் என்பது வம்சத்துக்கு இழுக்கு! உத்தரவின்படி விகடன் நாடு கடக்கவேண்டும்!"

அம்மையப்பன் மடியிலிருந்து ஒரே ஒரு ஓலையை எடுத்து நீட்டினான். "இதுதான் வரலாறு."

மகாராஜா படித்தார். 'ரணமார்த்தாண்டரை ஓடத்துறையார் காப்பாற்றினர். அவர்கள்மேல் பொய்ப் பழி விழுந்தது. அதை அறிந்த பேரர் சமரகேசரி' என்று எழுதி, அதன்பின் வெற்றிடம் விட்டிருந்தது.

"இங்கேயும் பூச்சி அரித்துவிட்டதா?"

"இல்லை. இன்னும் நடக்கவில்லை. நடக்காததை எழுத எனக்கு உத்தரவு இல்லை. இது வம்சத்துக்கு இழுக்கா இல்லையா என்பது அந்த இடத்தில் என்ன வரப்போகிறது என்பதைப் பொறுத்தது. கண்கண்ட சாட்சிக்கு இந்தச் சபையே இருக்கிறது. இந்த முறையாவது பார்ப்போம்."

மகாராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கினார். வீரணனின் கட்டைத் தானே அவிழ்த்தார். காத்தாயி கையிலிருந்த துணியை வாங்கி அவன் தலையில் சுற்றத் தொடங்கினார். ஒரு சுற்று காதை மூடியது. அடுத்தது கண்ணை மூடியது. மூன்றாவது சுற்றில் துணி மொத்தமாக நழுவி வீரணனின் கழுத்தில் விழுந்தது.

காத்தாயி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "சாமிக்குத் தலைப்பா கட்டத் தெரியாதுங்களா?"

"எனக்குத் தினமும் வேறு யாரோதான் கட்டிவிடுகிறார்கள்" என்றார் மகாராஜா. சொல்லி முடித்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆடிப்பெருக்குக்குப் பிறகு முதல் சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. அது முழுக்கச் சிரிப்பினால் வந்ததுதான் என்று நான் எழுதமாட்டேன், சாட்சி இல்லை. பல்லக்குத் தூக்கிகளும் சிரித்தார்கள். காத்தாயி நாலே சுற்றில் மகனுக்குத் தலைப்பாகை கட்டிவிட்டாள்.

ஓடத்துறைச் சட்டம் அன்றே ஒழிந்தது. ஓலையின் வெற்றிடத்தில் 'தலைப்பாகை கட்ட முயன்றார்' என்று எழுதப்பட்டது. 'முயன்றார்' என்ற சொல்லை விடச் சொல்லி முதலமைச்சர் கேட்டுப்பார்த்தார். மகாராஜா விடவில்லை.

"அம்மையப்பா, உனக்கு என்ன வேண்டும்? சரித்திரச் சக்கரவர்த்தி என்று பட்டம் தரட்டுமா?"

"அது வேண்டாம், மகாராஜா, கூப்பிடுகிறவர்களுக்கு மூச்சு வாங்கும். அன்றைக்கு உடுத்தியிருந்த பட்டைக் கொடுங்கள். துவைக்காமல். ஏட்டறையில் மாட்டிவைக்கிறேன். அதற்கு வயிறு கிடையாது, பொய் சொல்லாது."

புதைத்துவிடச் சொல்லி வண்ணாரிடம் கொடுத்திருந்த பட்டு, நல்லவேளையாக இன்னும் புதைக்கப்படவில்லை. சேறு காய்ந்து மொடமொடத்துக் கிடந்த அதை, மகாராஜா தன் கையாலேயே அம்மையப்பனுக்குப் போர்த்தினார்.

அன்று சாயங்காலம் நாட்குறிப்பு ஓலை மகாராஜாவின் பார்வைக்கு வந்தது. புலவர் தன் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'மகாராஜா விகடனுக்குச் சந்தன நிறப் பட்டு அளித்தார்.'

மகாராஜா மறுபடியும் சிரித்தார். பிறகு காது லேசாகச் சிவக்க, எழுத்தாணியை வாங்கிச் 'சந்தன நிற' என்பதை அடித்துவிட்டு, மேலே தன் கோணல் எழுத்தில் 'சேறு பட்ட' என்று எழுதினார்.