பறித்த பாறை

கடலுக்குள் போனால் பூமயில் குரு, கரைக்கு வந்தால் சாமியம்மா குரு. ஊரில் இப்படித்தான் சொல்லிச் சிரிப்பார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் எங்கிருந்தோ வந்து பனங்காட்டு ஓரமாகக் குடிசை போட்ட துறவி சாமியம்மா. மூச்சடக்கி முங்கிப் பாறையில் பாசி பறிக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் பூமயில். சாமியம்மாவுக்கு வயசு நாற்பதுதான், பூமயிலுக்கு ஐம்பத்தொன்று. ஆனாலும் சாயங்காலம் குடிசை முன்னால் உட்கார்ந்துவிட்டால் பெரியவள் "சாமி" என்பாள், சின்னவள் "அக்கா" என்பாள். இரண்டு பேருக்கும் அதில் ஒரு கூச்சமும் கிடையாது.

அந்தப் பூமயில்தான் எட்டு மாசமாகக் கடலில் கால் நனைக்கவில்லை. கருப்பையில் புற்று. மதுரைக்குக் கொண்டுபோய்க் கருப்பையை எடுத்துவிட்டார்கள். தையல் ஆறியது, உடம்பும் தேறியது. மூன்று மாசத்துக்கு ஒரு தரம் வந்து காட்டச் சொன்னார்கள். இரண்டு தரம் போய்க் காட்டினாள். இரண்டு தரமும் நன்றாக இருக்கிறது, வேலைக்கே போகலாம் என்று அனுப்பினார்கள்.

டாக்டர் சொன்னால் ஆயிற்றா? கண் விழித்ததும் பாயில் கிடந்தபடியே அடிவயிற்றை அமுக்கி அமுக்கிப் பார்ப்பாள். குளிக்கும்போது ஒரு தரம், உலை கொதிக்கும்போது ஒரு தரம். இடுப்பு வலித்தால் அதுதான் வந்துவிட்டது. வலிக்கவில்லை என்றால் உள்ளே சத்தமில்லாமல் வளர்கிறது. அவள் வீட்டுக்காரர் பாவம், அதட்டியும் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார்.

ஒருநாள் சாயங்காலம் முகமெல்லாம் வீங்கிப்போய் சாமியம்மாவிடம் வந்தாள்.

"வர்ற வியாழக்கிழமை என் மக நாகஜோதிக்கு வளைகாப்பு, சாமி. நான் போகல."

"ஏன் அக்கா?"

"கருப்பையே இல்லாதவ கையால, மாசமா இருக்கிற பிள்ளைக்கு வளையல் போடலாமா?"

"நாகஜோதி என்ன சொல்றா?"

"அவ ஒத்தக் கால்ல நிக்கிறா. மொத வளையல் நீதான் போடணும், அந்தச் சத்தத்தைத்தான் வயித்துப் பிள்ளை மொதல்ல கேக்கணும்கிறா. பேறுகாலத்துக்கும் நான்தான் கூட இருக்கணுமாம். பிள்ளையைக் குளிப்பாட்டுறதும் நான்தானாம்."

 சாமியம்மா கேட்டாள்.

"வளையல் போடக் கூடாதுங்கிறதுதான் காரணமா?"

பூமயில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"இல்ல சாமி. பயமா இருக்கு. அந்தப் பிள்ளை என்கூட ஒட்டிக்கிட்ட பிறகு நான் போயிட்டா? இப்பவே விலகிட்டா என் மகளுக்கும் பழகிப் போகும்ல?"

"எல்லாம் எடுத்தாச்சுன்னு டாக்டர் சொன்னாங்களே."

"நீங்களும் பாசி பறிச்சவுகதானே? பாறையில நக அளவு அடி ஒட்டியிருந்தா போதும், ரெண்டு மாசத்துல பழையபடி தழைஞ்சு நிக்கும். அதுக்குன்னே அடியை விட்டுட்டுத்தானே பறிக்கோம்? நாப்பது வருஷமா என் கையாலயே பாத்தாச்சு. என் வயித்துல மட்டும் மிச்சம் இல்லாமலா இருக்கும்? திரும்ப வராதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் போய் வளையல் போடுறேன்."

"அது எனக்குத் தெரியாதே, அக்கா."

பூமயில், பொய்யாகவாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாள். சாமியம்மா எழுந்து போகவில்லை. அவள் அழுது ஓய்கிற மட்டும் பக்கத்திலேயே இருந்தாள்.

"மூக்குப்பாறையில போன வாரம் பாசி பறிச்சாங்க," என்றாள் பிறகு. "நாளையிலேருந்து நீங்க போய், அது திரும்ப முளைக்குதான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க."

"எத்தனை நாளைக்கு ஒரு தரம், சாமி?"

"தினமும்."

இது என்ன கூத்து என்றுதான் பூமயிலுக்கு இருந்தது. ஆனாலும் சாமி சொன்ன சொல் ஆயிற்றே. மறுநாள் விரலில் துணி சுற்றி, முங்குகிறபோது மாட்டுகிற கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு போனாள். மூக்குப்பாறையில் தண்ணீர் இடுப்புக்கு மேல் இருக்காது. எட்டு மாசம் கழித்து உப்புத்தண்ணீர் வயிற்றைத் தொட்டதும் கண்ணாடிக்குள்ளேயே அழுதாள். முங்கிப் பார்த்துவிட்டுக் குடிசைக்கு வந்தாள்.

"வெறும் பாறை, சாமி."

"சரி. நாளைக்கும் பாருங்க."

அடுத்த நாளும் வெறும் பாறை. மூன்றாம் நாள், மற்ற பெண்கள் சாக்கு நிறையப் பாசியோடு கரையேறினார்கள். "என்ன மதினி, பாறைக்குக் காவலா?" என்று கேட்டுவிட்டுப் போனாள் ஒருத்தி. பத்து முழம் தள்ளி இன்னொரு பாறையில் மரிக்கொழுந்துப் பாசி செழித்துக் கிடந்தது. பூமயில் அந்தப் பக்கம் போகவே இல்லை. ஐந்தாம் நாள் பாறையில் பச்சையாக ஏதோ தெரிந்தது. அவ்வளவுதான், உயிரே போயிற்று. ஏழு தரம் முங்கி நகத்தால் சுரண்டினாள். நகம் கிழிந்து ரத்தம் வந்ததுதான் மிச்சம்.

"முளைச்சிருக்கா?" என்று கேட்டாள் சாமியம்மா.

"இல்ல சாமி. பாறையோட கறை."

சாமியம்மா அந்த விரலைப் பிடித்துக் கழுவி, துணி கட்டிவிட்டாள்.

வியாழக்கிழமை விடிந்தது. நாகஜோதி போன் பண்ணினாள். வண்டி அனுப்பியிருக்கிறேன், நீ வராமல் நான் மணையில் உட்கார மாட்டேன் என்று அழுதாள். பூமயில் போனை வைத்துவிட்டுக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு குடிசைக்கு வந்தாள்.

"மக வண்டி அனுப்பியிருக்கா, சாமி. ஒன்பது மணிக்கு வந்துரும். கடல் வத்துறதும் அந்த நேரந்தான். இன்னைக்கும் பாறைக்குப் போகணும்ல? சாமி சொன்ன வேலை இருக்குன்னு சொல்லி விட்டுரவா?"

"அதுவும் சரிதான்," என்றாள் சாமியம்மா. "வண்டியைத் திருப்பி அனுப்பிருங்க."

பூமயில் அதை எதிர்பார்க்கவில்லை. நின்றாள்.

"அவ மணையில உக்காரமாட்டாளாம், சாமி."

"அதுக்கு என்ன பண்ண முடியும்? இன்னைக்குத்தான் முளைக்கப் போகுதோ என்னவோ. ஒரு நாள் பாக்காம விட்டா எப்படி?"

பூமயிலுக்கு வந்ததே ஒரு கோபம். எட்டு மாசமாக அவளிடம் பயத்தைத் தவிர வேறொன்றும் இல்லாதிருந்தது. இப்போது அதையும் தள்ளிக்கொண்டு வந்தது கோபம்.

"என்ன சாமி, கேலியா? பறிச்ச பாறையை எவளாவது தினம் போய்ப் பாப்பாளா? ரெண்டு மாசத்துக்கு ஒருக்காப் போய்ப் பாத்தா போதாதா? ஒரு தரம் முங்குறதுக்கு ஒரு மூச்சுதான். அதை வெறும் பாறையில விட்டுட்டு வெறும் சாக்கோட வரணுமா? உங்களுக்கு மொத நாளே நான் சொல்லிக்கொடுத்தது இதுதானே?"

"ஆமாக்கா. நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்க."

சாமியம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூமயிலும் குனிந்து பார்த்தாள். இவ்வளவு சத்தம் போட்டபோதும் அவளுடைய வலது கை அடிவயிற்றை அமுக்கியபடியே இருந்தது.

கையை மெதுவாக எடுத்தாள். எடுத்த கையை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ரோட்டில் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"முளைச்சிருச்சுன்னா, சாமி?"

"அடுத்த தரம் மதுரைக்குப் போறப்ப சொல்வாங்க. நானும் கூட வர்றேன். என்ன செய்யணுமோ அதைச் செய்வோம்."

"அப்பவும் முடியலன்னா?"

சாமியம்மாவுக்கும் கண் கலங்கிவிட்டது. அவள் அதை மறைக்கவில்லை. பூமயிலின் கையிலிருந்த கண்ணாடியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்பவும், அந்தப் பிள்ளை உங்க வளையல் சத்தத்தைக் கேட்டிருக்கும், அக்கா."