ஆறிக் கிடந்தபோது பார்த்தது

"கியர்பாக்ஸ் போயிருச்சுங்க மேஸ்திரி. இனி மலையேறாதுங்க," என்றார் நாச்சிமுத்து.

லாரிகளுக்கு அடியில் படுத்தே தலை நரைத்தவர் அவர். ஆட்டோமேட்டிக் கியர் பழக வேண்டுமென்று, மேட்டுப்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கும், தன் மகள் வயதுள்ள ஷமீமாவிடம் சிஷ்யனாகச் சேர்ந்திருந்தார். அதற்கு ஒரு மனசு வேண்டும். அது அவரிடம் இருந்தது. பொறுமைதான் கொஞ்சம் குறைச்சல்.

எதிரே ஒரு பழைய எஸ்யூவி நின்றது. கியரைப் போட்டால் யோசித்து யோசித்து நகரும். மேட்டில் இன்ஜின் மட்டும் அலறும், வண்டி வராது.

வண்டிக்காரர் போஜன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கோத்தகிரிக்காரர். இடது கால் முழங்காலோடு சரி. கிளட்ச் மிதிக்கிற வண்டி எதையும் அவரால் ஓட்ட முடியாது. இதுவும் போனால் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

"இதைப் பிரிச்சுச் செய்யற செலவுக்கு வண்டியே பெறாதுங்க. எடைக்குப் போட்டுருங்க," என்று காலையிலேயே அவரிடம் சொல்லிவிட்டார் நாச்சிமுத்து.

"சரிங்க," என்று சிரித்தார் போஜன்.

இப்போது ஷமீமா கேட்டாள்.

"கியர் ஆயில் பாத்தீங்களா?"

"பாத்தனுங்க. அளவு சரியா இருக்குது. அப்ப உள்ளதானுங்க கோளாறு?"

"எப்பப் பாத்தீங்க?"

"காலைல, வண்டி ஆறிக் கிடக்கறப்ப. லாரிக்கெல்லாம் அப்படித்தானுங்க பாப்போம்."

"தூங்கறவரை எழுப்பாமயே, பசிக்குதான்னு கேட்டா என்னங்கண்ணா சொல்லுவாரு?"

நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்தது. அவர் கேட்டது கியர்பாக்ஸைப் பற்றி.

ஷமீமா போஜனை வண்டியில் ஏற்றி, ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிவரச் சொன்னாள். வண்டி சூடாகித் திரும்பியது. இன்ஜினை அணைக்க விடவில்லை. அவளே ஏறி, பிரேக்கை மிதித்தபடி கியரை ஒவ்வொரு இடமாக மெதுவாக நகர்த்தி, மறுபடி பார்க்கிங்குக்குக் கொண்டுவந்தாள்.

"இப்பப் பாருங்க."

நாச்சிமுத்து அளவுக் கம்பியை உருவினார். நுனியில் மட்டும் ஒரு பொட்டு ஆயில்.

"காலைல இருந்துச்சுங்களே?"

"நின்ன வண்டில ஆயில் முழுக்கக் கீழ வந்து சேந்துரும். பாக்கறதுக்கு நிறைஞ்ச மாதிரிதான் இருக்கும்."

அவர் குனிந்து பார்த்தார். கியர் ஆயில் சூடு ஆறுவதற்காக ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயின் மூட்டில் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் இன்ஜினை அணைத்ததும் சொட்டு நின்றுவிட்டது.

குழாயை மாற்றினார்கள். ஆயில் ஊற்றி, ஓடவிட்டு அளவு பார்த்தார்கள்.

"இனி ஏறுமுங்களா?"

"ஏறிப் பாத்தாத்தான் தெரியும்."

மூவரும் கோத்தகிரிப் பாதையில் போனார்கள். போஜன் ஓட்ட, பக்கத்தில் நாச்சிமுத்து. பின்னால் ஷமீமா.

முதல் வளைவு. வண்டி ஒரு நொடி தயங்கியது. பிறகு கியர் விழுந்தது. வண்டி இழுத்தது.

அடுத்த வளைவிலும் இழுத்தது.

போஜன் அகலமான ஓரம் பார்த்து வண்டியை நிறுத்தினார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

நாச்சிமுத்து பின்னால் திரும்பினார்.

"எடைக்குப் போடச் சொன்னப்ப சிரிச்சாருங்களே, மேஸ்திரி."

"அப்ப வண்டி நின்னுட்டில்லீங்களா இருந்துச்சு," என்றாள் ஷமீமா.