தையலைப் பிரித்த ஆயுதம்

செம்பியங்கோட்டையை ஆண்டவர் ரணசூர பூபதி. பெயரில்தான் ரணம். அவர் கண்ட போரெல்லாம் பந்தியில் நடந்தவை. எதிரே வந்த எந்த அதிரசமும் உயிரோடு திரும்பியதில்லை. அதன் பலன் அவர் இடுப்பைச் சுற்றி நன்றாகவே தெரிந்தது. ஆனால் வயிறு என்ற சொல்லை அரண்மனையில் யாரும் உச்சரிப்பதில்லை. வயிற்றுவலி கண்டவர்கள்கூட வைத்தியரிடம் நடுவிலே வலிக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

ஒரு நாள் அண்டை நாட்டுத் தூதர் வந்திருந்தார். மன்னர் புதுப் பட்டு அங்கியோடு கம்பீரமாகச் சிம்மாசனத்தில் அமர்ந்தார். பர்ரென்று ஒரு சத்தம். கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகுத் தையல் விட்டுப்போயிற்று. தூதர் பண்பாளர். அன்று முழுவதும் கூரைச் சித்திரங்களையே ரசித்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்.

மன்னருக்கு உடனே ஒரு குற்றவாளி தேவைப்பட்டான். உக்கிராண மணியம் தில்லைநாயகம் ஆளைத் தயாராக வைத்திருந்தார். அரண்மனைக் களஞ்சியமும் சமையலும் அவர் பொறுப்பு. தையற்காரர் மஸ்தான் ராவுத்தர் மேல் அவருக்குப் பழைய கோபம். ராஜாவின் பட்டில் கொஞ்சம் வெட்டித் தன் மனைவிக்கு ரவிக்கை தைத்துத் தரச் சொன்னார். ராவுத்தர் மாட்டேன் என்றுவிட்டார். இப்போது மணியத்துக்கு ராஜவிசுவாசம் பொங்கியது. ராவுத்தருடைய பெட்டியிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்துவந்து சபையில் நீட்டினார். விரல் நீளம், நுனி கொக்கிபோல வளைந்திருந்தது. நூலுக்கு அடியில் கொடுத்து நெம்பினால் நூல் அறும், துணிக்கு ஒன்றும் ஆகாது. தையல் பிரிக்கவென்றே செய்த கத்தி. இதை வைத்து ஒன்றுவிட்டு ஒன்று நூலை அறுத்து மன்னரை அவமானப்படுத்தியிருக்கிறான் என்றார்.

ராவுத்தரின் கட்டைவிரலை வெட்டும்படி மன்னர் உத்தரவு போட்டார்.

ஆவுடையப்பன் அந்தச் சபையின் விகடகவி. உண்மை அவருக்குத் தெரியும். சபையில் நின்ற தூண்களுக்கும் தெரியும். பேசாமல் வீடு போய்ச் சேரலாம் என்றுதான் முதலில் நினைத்தார். ராவுத்தர் தன் வலது கையை இடது கையால் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. முன்னால் வந்து வணங்கினார்.

"அரசே, விரலை வெட்டுவது சுலபம். ஆனால் இது வேறொரு ஆயுதத்தின் வேலையாக இருந்தால், விரல் போன பிறகும் தையல் பிரியுமே. அடுத்த சபைவரை பொறுத்தால் உண்மையான ஆயுதத்தைக் காட்டிவிடுகிறேன்."

மன்னர் யோசித்தார். காட்டாவிட்டால் ராவுத்தரின் விரலோடு உன் நாக்கும் சேர்ந்து போகும் என்று சொல்லி அனுமதி கொடுத்தார். ஆவுடையப்பன் அன்று ராத்திரிச் சோற்றை ருசித்துச் சாப்பிட்டார். நாக்கு இன்னும் எத்தனை வேளைக்கோ.

மறுநாள் ஊரிலுள்ள தையல் பிரிக்கும் கத்தி, ஊசி, அறுந்த நூலைப் பிடுங்குகிற சாமணம் எல்லாவற்றையும் பறிமுதல் செய்து ஒரு பெட்டியில் பூட்டச் செய்தார். சாவி மன்னர் இடுப்பில். தைப்பதற்கு ஒரே ஒரு ஊசி ராவுத்தர் கையில். பக்கத்தில் காவலுக்கு யார்? மணியமேதான். ராவுத்தர் பழைய அளவு மாறாமல், மெழுகு தடவிய இரட்டை நூலால் புது அங்கி தைத்தார். மணியம் ஒவ்வொரு தையலையும் இழுத்துப் பார்த்தார். முடிந்ததும் அந்த ஊசியும் பெட்டிக்குள் போயிற்று. யானை இழுத்தாலும் இந்த அங்கி பிரியாது என்று மணியம் மன்னரிடம் சத்தியம் செய்தார். அந்தச் சந்தோஷத்தில் சபைக்கு முன்னால் ஒரு விருந்தும் வைத்தார். நெய்யில் மிதந்த பொங்கல், பாதாம் அல்வா, வழக்கம்போல அதிரசம்.

மன்னர் சபைக்கு வந்தார். உட்கார்ந்தார். பர்ர்.

மன்னர் இடுப்பைத் தடவினார், சாவி இருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். எல்லாம் உள்ளேயே கிடந்தன. மன்னர் மணியத்தை முறைத்தார். மணியம் கூரைச் சித்திரத்தைப் பார்த்தார்.

"ஆக, ஆயுதம் வெளியேதான் திரிகிறது," என்றார் மன்னர். "எங்கே இருக்கிறது?"

"இந்தச் சபையிலேயே இருக்கிறது, அரசே. இரும்பில் செய்ததல்ல. வருஷக்கணக்காக மணியத்தின் பராமரிப்பில் இருக்கிறது. தினமும் மூன்று வேளை நெய் போட்டுத் தீட்டுகிறார். இன்றைக்கு விசேஷமாகத் தீட்டினார்."

தன்னிடம் அப்படி எதுவும் கிடையாது என்று மணியம் பதறினார்.

"அப்படியானால் அது யாருடையது?" என்று கேட்டார் மன்னர்.

ஆவுடையப்பன் இன்னொரு முறை வணங்கினார்.

"நான் எப்படி அதன் பெயரைச் சொல்வேன், அரசே? பெரிய இடத்து ஆயுதம். நீங்கள் சபைக்குள் வரும்போதெல்லாம் உங்களுக்கு ஒரு முழம் முன்னால் அதுதான் வருகிறது. நாங்கள் எழுந்து முதல் வணக்கம் போடுவதே அதற்குத்தான்."

மன்னர் மெல்லக் குனிந்து பார்த்தார். தன் பாதங்களைத் தேடினார்; அகப்படவில்லை. சபை நடுங்கிக்கொண்டிருந்தது. முதலில் அவர் தோள் குலுங்கியது, பிறகு வயிறு. சிரித்த சிரிப்பில் மிச்சமிருந்த பக்கத் தையலும் விட்டது.

ராவுத்தருக்கு விடுதலையும் ஒரு பட்டுச் சால்வையும் கிடைத்தன. ஆவுடையப்பனுக்கு நாக்கு மிஞ்சியது. அதோடு மன்னர் தன் கழுத்து முத்துமாலையையும் கழற்றிப் போட்டார். கடைசியில் மணியம் பக்கம் திரும்பினார். மணியம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"நாளை முதல் நீர் யானைக் கொட்டடிக்குப் போம். ஆசை தீர ஊட்டும். அங்கே யாரும் அங்கி போடுவதில்லை."